யாரும் திருப்பிப் போடாத 'பி' பக்கம்

செல்வத்தின் போன் வந்தபோது அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

"சார், ஜமால் பாய் போய்ட்டாரு. காலைல வேலைக்குக் கிளம்புறப்ப நெஞ்சு வலின்னாராம். இன்னும் ஒரு மணி நேரத்துல அடக்கம். வந்துடுங்க."

செல்வம் எங்கள் மெல்லிசைக் குழுவின் டிரம்மர். ஜமால் பாடகன். நான் கிடார் வாசித்தேன், பாட்டும் எழுதினேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு இப்படிப்பட்ட போன்கள் அடிக்கடி வருகின்றன. உடனே அழுகை வருவதில்லை, ஓர் அலுப்புதான் வருகிறது. டப்பாவை மூடிவிட்டு, தாம்பரம் சானடோரியத்திலிருந்து இரும்புலியூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். மண் போடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஜமாலைத் தெரியாதவர்கள்கூட அவன் குரலைக் கேட்டிருக்கலாம். எண்பதுகளின் கடைசியில் 'வாலிப வாரம்' என்றொரு கேசட் போட்டோம். சினிமாப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. எட்டுப் பாட்டும் சொந்தம். அவன் மெட்டு, என் வரிகள், இரவல் கீபோர்டு. முதல் பாட்டு 'ஸ்கூட்டர் சுந்தரி'. தாம்பரம் பக்கத்தில் ஒரு வருஷம் அது ஒலிக்காத டீக்கடை இல்லை, கல்யாண மண்டபம் இல்லை. மீதி ஏழு பாட்டை யாராவது கேட்டார்களா என்று தெரியாது. முதல் பாட்டு முடிந்ததும் கேசட்டைப் பின்னால் சுற்றிவிடுவார்கள்.

"முதல் அஞ்சு நிமிஷ டேப்புதான் மச்சான் தேஞ்சுகினு கீது. மீதி அப்படியே புதுசு" என்று சிரிப்பான் ஜமால்.

அவனுக்குப் பிடித்தது 'பி' பக்கத்தில் மூன்றாவதாக வரும் 'ரெண்டாவது ஜன்னல்'. மின்சார ரயிலில் தினமும் எதிரில் உட்காரும் பெண் ஒருநாள் வராமல் போகிறாள். அவளுடைய இடத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவன் கடற்கரை வரை போகிறான். அவ்வளவுதான் பாட்டு. மெதுவாகப் போகும். மேடையில் அதைப் பாட வேண்டும் என்று அவன் கேட்டபோதெல்லாம் நான் தள்ளிப்போட்டேன்.

பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண வரவேற்பில் என்னைக் கேட்காமலே ஆரம்பித்துவிட்டான். இரண்டாவது சரணத்துக்கு வந்திருப்பான், கூட்டத்திலிருந்து "சுந்தரி! சுந்தரி!" என்று கத்தத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் மாமா மேடை ஓரமாக வந்து முறைத்தார். நான் செல்வத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவன் சுந்தரிக்கான தாளத்தைத் தட்டிவிட்டான். ஜமால் பாதி வரியில் நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே 'ஸ்கூட்டர் சுந்தரி'யை முழுசாகப் பாடினான், ஆடவும் ஆடினான். அதுதான் அவன் ஏறிய கடைசி மேடை.

கோபித்துக்கொண்டு போகவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்றான். அதற்கடுத்த முறையும் அதையே சொன்னான். நாங்களும் கூப்பிடுவதை நிறுத்தினோம். பின்னாளில் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டப் போனான். தாம்பரம் ஸ்டேஷனில் எப்போதாவது பார்ப்போம். குழந்தைகளின் படிப்பு, முழங்கால் வலி, மழையில் மூழ்கிய தெரு என்று பேசுவோம். அந்த மேடையைப் பற்றி மட்டும் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்து, கேட்காமல், இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

போன வருஷம் மேம்பாலத்துக்குக் கீழே டீ குடிக்கும்போது ஒருவழியாகக் கேட்டேன். "அன்னிக்கு உன் பாட்டை நான் நிறுத்தியிருக்கக் கூடாது ஜமால்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "கூடாதுதான்" என்றான். "கூட்டம் கத்துச்சு, சரி. அதுங்க சாப்பிட வந்ததுங்க. நீ ஏன் மச்சான் தலைய ஆட்டுன?"

பயந்துவிட்டேன் என்றேன். "சரி வுடு, டீ ஆறுது" என்றான். மன்னித்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பஸ் ஏறும்போது வழக்கம்போலத் தோளைத் தட்டிவிட்டுத்தான் போனான்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மைமூன் கேசட்டை எடுத்து வைத்திருந்தார். என் வீட்டில் டேப் ரிக்கார்டர் எப்போதோ போய்விட்டது. அவர் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

"மேடை வேணாம்னாரே தவிர வூட்ல பாடாத நாள் கிடையாதுண்ணா" என்றார். "எப்பப் பாரு அந்த ஸ்கூட்டர் பாட்டுதான். பசங்க கிண்டல் பண்ணுவாங்க."

"'ரெண்டாவது ஜன்னல்' பாட மாட்டானா?"

"அதுவா? அத ஒரு தபாகூடப் பாடி நான் கேட்டதில்லையே."

கேசட்டைத் திருப்பிப் போட்டோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாலாவது பாட்டு நன்றாக இருக்கிறது; நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். முதல் இரண்டும் சுமார். 'ரெண்டாவது ஜன்னல்' இத்தனை வருஷமாக நான் மனதில் வைத்திருந்த அளவுக்கு நல்ல பாட்டு இல்லை. குறை மெட்டில் இல்லை, என் வரிகளில். இரண்டாவது சரணத்தில் 'உன் நிழலை எனக்கு வாடகைக்குத் தா' என்று ஒரு வரி வருகிறது. ஒலிப்பதிவு அன்றே அதைக் கேட்டு இன்ஜினியர் சிரித்தார். மாற்றித் தருகிறேன் என்று நான் பேனாவைத் தேடினேன். ஜமால் தடுத்தான். "இன்னாத்துக்கு மாத்தற? நான் பாடிக்கறேன்."

அந்த வரியைத்தான் அன்று மூன்று முறை திரும்பக் கேட்டேன். மைமூன் திரும்பத் திரும்பச் சுற்றிக் கொடுத்தார். அது மோசமான வரி என்று அவனுக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனால் உலகத்தில் அதைவிட உண்மையான சொல் இல்லை என்பது போலப் பாடியிருக்கிறான். நான் எழுதிய ஒன்றை அப்படி நம்பியவர்கள், அவனுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பள்ளிக்கரணை மேடையில் நான் அவனை நம்பவில்லை. அவனிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த நம்பிக்கைதான். திருப்பிக் கொடுக்க இனி ஆள் இல்லை.