குரலில்லாத கணக்கு வகுப்பு

2008ஆம் ஆண்டு மழைக்காலத்தில், நேர்காணலுக்கு வந்த அந்தப் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே தலைமையாசிரியை அவருடைய குரலைக் கேட்டுவிட்டார். நனைந்த குடையை உதறியபடி அவர் காவலாளியிடம் வழி விசாரித்தது, மூடிய கதவைத் தாண்டி அறைக்குள் வந்து விழுந்தது.

"என்னம்மா, மைக்கை முழுங்கிட்டு வந்தீங்களா?"

"கடைசி பெஞ்சு தூங்காம இருக்கணும்னா இந்தத் தொண்டைதான் வேணும் மேடம்."

அந்தப் பதிலுக்காகவே கணக்கு ஆசிரியை வேலை அவருக்குக் கிடைத்தது என்று பின்னாளில் தலைமையாசிரியை சொல்வதுண்டு. நாளடைவில் 'மேடம்' என்பது 'அக்கா' ஆயிற்று. ஒன்பதாம் வகுப்பில் அவர் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புக்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்துக் குரல்வளையில் கட்டி வந்தது. மருத்துவர்கள் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு துளை. அதன்மேல் மெல்லிய பருத்தித் துணி. மருந்துக்கடை வைத்திருந்த கணவர் பள்ளிக்கு வந்து, நாற்காலியின் நுனியில் அமர்ந்தார்.

"இவ்வளவு வருஷமா வீட்ல என்னை வாயைத் திறக்க விட்டதே இல்ல மேடம். இப்ப நான்தான் பேசணும். எனக்குப் பேச்சே வரல."

விடுப்பு முடிந்து ஆசிரியை திரும்பி வந்தபோது, நிர்வாகத்தின் முடிவும் காத்திருந்தது: அவர் இனி நூலகத்தைக் கவனித்துக்கொள்ளலாம், சம்பளம் குறையாது. தலைமையாசிரியை இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆசிரியை கையிலிருந்த டேப்லெட்டில் தட்டச்சு செய்து அவர் பக்கம் திருப்பினார்.

"ஒரே ஒரு பீரியட் வந்து உட்காருங்க அக்கா. அப்புறமும் வேண்டாம்னு தோணினா நூலகத்துக்கே போயிடறேன்."

மறுநாள் தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் அமர்ந்தார். முதலில் வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. அதட்ட வழியில்லாத ஆசிரியை கரும்பலகைக்கு அருகில் நின்றார். 'வாய் பேசாதவங்க எப்படிங்க கணக்கு சொல்லித்தருவாங்க?' என்று ஒரு தகப்பனார் கேட்டது தலைமையாசிரியையின் நினைவுக்கு வந்தது.

ஆசிரியை விளக்கை அணைத்துவிட்டு, டேப்லெட்டில் இருந்ததைத் திரையில் காட்டினார். இடப்பக்கம் மேலே ஒரு சிவப்புப் பந்து. வலப்பக்கம் கீழே ஒரு கூடை. நடுவே ஒன்றுமில்லை. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த நாள்களில் அவரே உருவாக்கிய விளையாட்டு அது. சாய்வு எவ்வளவு என்று எழுதினால் கோடு தோன்றும்; பந்து அதன்மேல் உருளும். கோடு தோன்ற வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை இட்டுவிட்டு அவர் காத்திருந்தார்.

"ரெண்டு டீச்சர்!" என்று 'வாயாடி' என்று பெயரெடுத்த மாணவி கத்தினாள்.

ஆசிரியை முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. இரண்டு என்றே எழுதினார். கோடு மேல்நோக்கி ஏறியது. பந்து பின்னால் உருண்டு, திரையின் இடது ஓரத்தில் தொபுக்கென விழுந்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"கூடை அந்தப் பக்கம் இருக்குடி! நீ வீட்டுக்கு அனுப்புற."

"சரி சரி, மைனஸ் ரெண்டு!"

அதையும் எழுதினார். பந்து வேகமாகச் சரிந்து, கூடைக்கு வெகுமுன்பே தரையில் மோதியது.

"ரொம்பச் சரிவு. குறைச்சுக்கோ."

"மைனஸ் கூடவே இருக்கணும். எண் மட்டும் சின்னதாகணும், இல்ல?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. குழந்தைகள் எழுந்து நின்று, காற்றில் கையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்டார்கள். "மைனஸ் ஒண்ணு" என்று வாயாடி மெல்லச் சொன்னாள். பந்து கூடைக்குள் விழுந்தது.

தலைமையாசிரியை அன்று மாலையே நிர்வாகிகளைச் சந்தித்தார். "தப்புன்னு அவங்க ஒரு தடவைகூடச் சொல்லலைங்க. பிள்ளைங்க சொன்னதை அப்படியே வரைஞ்சு காட்டினாங்க. நானே எழுந்து பதில் சொல்லப் பார்த்தேன். அவங்களை எடுத்துட்டா அந்த வகுப்பு போச்சு." நூலகத்துக்கு வேறொருவர் நியமிக்கப்பட்டார்.

இரண்டு ஆண்டுகள் அப்படியே நடந்தன. பிறகு நோய் நுரையீரலில் திரும்பியது. கடைசி வாரங்களில் தற்காலிக ஆசிரியர் ஒருவர், ஆசிரியை வீட்டிலிருந்தபடியே உருவாக்கி அனுப்பிய படங்களை வைத்துப் பாடம் நடத்தினார். தலைமையாசிரியை மருத்துவமனைக்குப் போனபோது, கணவர் தலையணையை உயர்த்திக்கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்.

"நீங்க அனுப்பின கணக்கைப் பிள்ளைங்க எல்லாம் சரியாப் போட்டுட்டாங்க. நீங்க நிம்மதியா இருங்க" என்றார் தலைமையாசிரியை.

ஆசிரியை இல்லை என்பதுபோலத் தலையசைத்தார். டேப்லெட்டைக் கணவர் பிடித்துக்கொள்ள, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். அதுவே அவர் கடைசியாகக் கேட்டது.

"சரியான விடை எனக்கே தெரியும் அக்கா. முதல்ல தப்பாப் போட்டிருப்பாங்களே, அதையெல்லாம் அனுப்பச் சொல்லுங்க. வரைஞ்சு பார்க்கணும்."