ஒரு பாட்டு நேரம் ஓடிய கார்

பயிற்சிக்கென்று தொழிற்சாலை அப்பாவை வடக்கே அனுப்பிவைத்த ஆண்டில், ஆவடிக் குடியிருப்பில் எங்கள் பழைய காருக்கு அம்மாதான் காவல். புறப்படுமுன் அப்பா இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: தினமும் காலையில் ஐந்து நிமிடம் வண்டியைக் கிளப்பி நிறுத்த வேண்டும், இல்லையேல் பேட்டரி உட்கார்ந்துவிடும். வண்டி ஓட்டத் தெரியாத அம்மா அதைப் பூஜைபோலச் செய்தாள். குளித்து, ஸ்டீயரிங்கில் குங்குமம் வைத்து, சாவியைத் திருப்புவாள். வீட்டு வானொலியில் ஒரு பாட்டு முடிந்ததும் அணைத்துவிடுவாள். ஐப்பசி மழையிலும் ஒருநாள் தவறவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிறன்று, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, என்ஜினுக்கு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். அதன் அடியில் வெளுத்த பசை அப்பியிருந்தது.

“இன்னாக்கா இது, ஆயில் ஊத்துற எடத்துல மோர் கடைஞ்சி வெச்சிகீற!”

அதற்குமேல் அவரால் சிரிக்க முடியவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயில் இறங்கினால்தான் இப்படி ஆகும் என்றார். இரண்டும் கலக்காமல் தடுக்கும் கேஸ்கெட் போயிருக்கும், என்ஜினைப் பிரித்தாக வேண்டும்.

“பொங்கலுக்கு அவரு வர்றதுக்குள்ள வந்த வெலைக்குத் தள்ளிடுக்கா. இதப் பாத்தா மனுசன் நம்ம ரெண்டு பேரையும் உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு.”

“பிரிக்கவும் வேணாம், விக்கவும் வேணாம். தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல பாக்கலாம்,” என்றாள் அம்மா.

ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பினாள். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தாள். கறுத்த எண்ணெய்தான், பசை இல்லை. அந்த வாரம் முழுவதும், வண்டி ஆறியபின் ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தாள். நீர் இறங்கவே இல்லை. அடுத்த ஞாயிறு மாமா வந்ததும், ஒரு வாணலி மூடியைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். உட்புறம் துளிகள் கோத்து நின்றன.

“கழுவின வாணலிய மூடி கொஞ்ச நேரம் அடுப்புல வெச்சேன். வாணலி ஓட்டையா? இல்லல்ல? சூடு பத்தாததால ஆவி மூடியிலயே தங்கிப்போச்சு. ரொம்ப நேரம் வெச்சிருந்தா காஞ்சிருக்கும். வண்டியும் அப்டிதான். நாந்தான் தெனம் அரைச் சூட்டுல நிறுத்தறேன்.”

“வழியில நின்னுச்சுன்னா?”

“நின்னா தள்ளிக்கினு வரலாம். கெளப்பு.”

மாமா எண்ணெய் மூடியையும், என்ஜின் ஆவி வெளியேறும் குழாயையும் துடைத்துவிட்டு ஏறினார். அப்பா ஓட்டும்போது பின்னால் எங்களோடு உட்காரும் அம்மா, அன்று முதன்முறையாக முன்னிருக்கையில் அமர்ந்தாள். பூந்தமல்லி தாண்டி ஶ்ரீபெரும்புதூர்வரை போனோம். சூடு காட்டும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே மாமா ஓட்டினார். வண்டி எங்கும் நிற்கவில்லை. திரும்பி வந்து திறந்தபோது மூடியில் பசை இல்லை. மாமா பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றினார். காலை வேளைகளில் வண்டியைக் கிளப்புவதை அம்மா அன்றோடு விட்டாள். ஞாயிறுதோறும் நெடுந்தூரம் போய்வந்தோம்.

பொங்கலுக்கு வந்த அப்பா சாவியைத் திருப்பியதும் என்ஜின் உயிர்பெற்றது.

“பாத்தியா? அஞ்சு நிமிஷம்னு நான் சொன்னத ஒழுங்கா செஞ்சதாலதான் இப்படி இருக்கு.”

காபி குடித்துக்கொண்டிருந்த மாமாவுக்குப் புரையேறியது. அம்மா அவர் தலையைத் தட்டிக்கொடுத்தாள். மறுபடி புறப்படும்போது அப்பா அதே கட்டளையை இட்டார். அம்மா தலையாட்டினாள்.

ஞாயிற்றுப் பயணங்கள் தொடர்ந்தன. திருமழிசை வருமுன்னரே முள் போதுமான சூட்டுக்கு ஏறிவிடும். “திருப்பிடவாக்கா?” என்பார் மாமா. அம்மா கண்ணாடியை முழுவதுமாக இறக்கிவிட்டுக்கொண்டு, “இன்னும் சூடாவல. போ,” என்பாள்.

பின்னிருக்கையிலிருந்த எனக்கே அந்த முள் நன்றாகத் தெரிந்தது. அம்மாவுக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.