இரட்டைத் தலைச் சேவல்

அப்பாவுக்கு மல்லாங்கிணற்றிலிருந்து சிவகாசிக்கு மாற்றலானபோது என்னை ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். "எங்கன இடம் இருக்கோ அங்கன உக்காருய்யா" என்றார் டீச்சர். இரண்டு பெஞ்சுகளில் இடம் இருந்தது. ஒன்றில் பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மகன், பளபளக்கும் ஜாமெட்ரி பெட்டியோடு. இன்னொன்றில் ஓர் ஒல்லிப் பையன். தீப்பெட்டி லேபிள் அடித்த தாளால் நோட்டுக்கு அட்டை போட்டிருந்தான். லேபிளில் இருந்த சேவலுக்கு இரண்டு தலை.

புத்தியுள்ளவன் ஜாமெட்ரி பெட்டியிடம் போயிருப்பான். நான் சேவலிடம் போனேன்.

ஒல்லிப் பையனின் அப்பாவுக்கு அச்சாபீசில் வேலை. ஒவ்வொரு நிறமாக அடிக்கும்போது தாள் கொஞ்சம் நகர்ந்தால் ஒரு தலை இரண்டாகிவிடும். அந்தக் கழிவுத் தாள்தான் பாதிப் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை. இது ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாது.

"நெசமாவே ரெண்டு தலையா?" என்று கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எங்க வீட்டுலதாம்லே நிக்குது. அதைப் பாத்துத்தான் வரைஞ்சாக."

நம்பினேன். நம்பியதோடு நின்றிருக்கலாம், வகுப்பு முழுக்கச் சொன்னேன். சிரித்தார்கள். சனிக்கிழமை நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சவால் விட்டேன். ஒல்லிப் பையனின் முகம் வெளுத்தது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். அதுவரை அவன் பெஞ்சில் யாரும் உட்கார்ந்ததில்லை என்பதும், பொய் தெரிந்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்று அவன் பயந்ததும் பிற்பாடு தெரிந்தவை.

சனிக்கிழமை அவன் வீடு இருந்த விஸ்வநத்தத்துக்கு நடந்தோம். என்னை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு அவன் முன்னால் ஓடினான். வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டான். முற்றத்தில் கோழி கவிழ்க்கும் பஞ்சாரம், மேலே ஒரு சாக்கு.

"கிட்டப் போகாத. அதுக்குக் கூச்சம்."

சாக்குக் கிழிசல் வழியாக ஒரு தலை வந்தது. பக்கத்திலேயே இன்னொரு தலை. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்த இரண்டு தலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவ்வளவுதான். பஞ்சாரம் உருண்டது, சாக்கு பறந்தது, ஒரு சேவல் கிழக்கே பாய, மற்றது என் தலைமேல் ஏறித் தாண்டியது.

"பிஞ்சிருச்சுலே" என்று அலறினேன்.

உள்ளிருந்து அவன் அம்மா வந்தார். "எந்த அறிவுகெட்டவம்லே ரெண்டு சாவலையும் ஒண்ணாக் கவுத்தது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒல்லிப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாய் பிளந்தபடியே வீடு வந்து சேர்ந்தேன்.

திங்கட்கிழமை வகுப்பே காத்திருந்தது. என் பெஞ்சுக்காரன் எழுந்திருக்கப் போனான். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"பாத்தேன் டீச்சர். ரெண்டு தலை."

"ரெண்டு வாயாலயும் திங்குதாக்கும்?"

"ஒரு வாய் திங்குது டீச்சர். ஒரு வாய் கூவுது."

இடைவேளையில் ஒல்லிப் பையன் என் சட்டையைப் பிடித்தான்.

"ஏலே, நீ இம்புட்டுப் பெரிய பொய்யனா? இன்னைக்கு உண்மையைச் சொல்லிருதேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணிருந்தேம்லே."

நான் பெஞ்சை விட்டு ஓடிவிடுவேனோ என்று ஒரு வாரம் பயந்தவன், அன்றிலிருந்து என்னைத் தனியே விடவே பயந்தான். பிரிந்தால் யாராவது ஒருவன் உளறிவிடுவான். அதனால் ஒன்றாகவே பள்ளிக்கூடத்தை முடித்தோம், ஒன்றாகவே இரண்டு முறை கணக்கில் தோற்றோம்.

அறுபதுகளின் கடைசியில் என் கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளியோடு அவன் ஓடிக்கொண்டிருந்தான். எதிர் வரிசையில் ஜாமெட்ரி பெட்டிக்காரன், இப்போது அவனே முதலாளி. என்னைப் பார்த்துக் கேட்டான்:

"மாப்ளே, அந்தச் சேவல் இன்னும் இருக்கா?"

சாம்பார் வாளி நின்றது. "போன ஐப்பசியில செத்துப்போச்சு" என்றான் நண்பன், வருத்தமான முகத்தோடு.

"எந்தத் தலை மொதல்ல போச்சு?"

"இடது" என்றேன் நான்.

"வலது" என்றான் அவன், அதே நொடியில்.

பந்தியே எங்கள் பக்கம் திரும்பியது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் புதுப் பெண்டாட்டி, ஒடித்த அப்பளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"நெசமாவே ரெண்டு தலையா?"

அவள் முகத்தில் துளிச் சந்தேகமில்லை. நான் நண்பனைப் பார்த்தேன். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.