கூரையில் கிடந்த பனி

மலையுச்சி ஆய்வு நிலையத்தில் நியூட்ரான்களை எண்ணும் கருவியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குத் தன் தங்கைமேல் பொறாமை. சும்மா சொல்லக்கூடாது, வயிறு எரிகிற பொறாமை. இருவருக்கும் ஒரே படிப்பு, ஒரே வேலை. தங்கைக்கு வாய்த்த மலை மட்டும் உலகத்தின் மறுபக்கத்தில்.

சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் வேகமான நியூட்ரான்கள் கிளம்பும். மின்னூட்டம் இல்லாததால் எந்தக் காந்தத்துக்கும் வளையாமல் நேராக வரும். ஆனால் பூமியின் காற்று பெரும்பாலானவற்றை விழுங்கிவிடும். அதனால் மலையுச்சியும் வேண்டும், சூரியன் தலைக்கு மேலே நிற்கவும் வேண்டும். இந்தச் சூரியன் இருக்கிறதே, அக்காவின் பக்கம் இருக்கும்வரை பரம சாது. தங்கையின் பக்கம் போனதும் ஆட்டம் போடும். தங்கை ஏற்கெனவே இரண்டு வெடிப்புகளைப் பிடித்துவிட்டாள். அம்மா போனில் அதையே பாடிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை, மூன்றாவது வெடிப்பும் தங்கைக்கே கிடைத்த செய்தி வந்தது. கருவிக் கூரையில் விழுந்த பனியை வெயில் ஏறுமுன் தள்ளுவது அக்காவின் வேலை. வெடிப்பு இல்லாத நாளிலும் விண்வெளிக் கதிர்களால் கொஞ்சம் நியூட்ரான்கள் விழுந்துகொண்டே இருக்கும்; பனி கனத்தால் அவை அதிலேயே சிக்கி, எண்ணிக்கை குறைந்துவிடும். கிடக்கட்டும், எனக்கென்ன வந்தது என்று அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

உச்சிவேளையில் வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தவளின் கண்ணெதிரே திரையில் எண்ணிக்கைக் கோடு ஏறியது. கூடவே, பெரிய வெடிப்பு என்று செயற்கைக்கோள் எச்சரிக்கை. அவள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப்போட்டாள். இனி அம்மா என்னைப் பற்றியும் பேசட்டும் என்று நினைக்கும்போதே தலைக்கு மேல் சரக் சரக்கென்று சத்தம். வெளியே ஓடிப் பார்த்தாள். கூரைமேல் பனி தள்ளும் பலகையோடு அவள் வீட்டுக்காரர், அதே நிலையத்தின் எலக்ட்ரீஷியன், நின்றுகொண்டிருந்தார்.

"உனக்கு மனசு சரியில்லையேன்னு நானே தள்ளிட்டேன். இன்னும் கொஞ்சந்தான்," என்றார்.

பனி போனதால் ஏறியது எவ்வளவு, சூரியன் அனுப்பியது எவ்வளவு? இனி யாராலும் பிரிக்க முடியாது. திட்ட வாயெடுத்தாள். அவரை என்னவென்று திட்டுவது?

போன் அடித்தது. தங்கை.

"அக்கா, இவ்வளவு பெருசு எனக்கு வந்ததே இல்ல. உனக்கு உச்சி வெயில், எனக்கு இங்க கும்மிருட்டு. வயிறு எரியுது. கோடு ஏறுச்சா?"

எத்தனையோ வருடமாக அவள் கேட்க ஏங்கிய பேச்சு. ஆமா என்று ஒரு வார்த்தை போதும், பொய்யும் இல்லை.

"கூரையில பனி இருந்துச்சு. இப்பத்தான் தள்ளினாங்க," என்றாள் அக்கா.

தங்கைக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

"காலையிலேயே ஏன்க்கா தள்ளல?"

"காலையில உன் சேதி வந்துச்சு," என்றாள் அக்கா.