இருபது மில்லிமீட்டர்

கோவில்பட்டியில் ஒரு சமுதாயக் கல்லூரியின் ஒரு வருடத் தொழில்நுட்பப் படிப்பில் நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். எனக்கு இருபத்து மூன்று வயது. பன்னிரண்டாம் வகுப்பில் தவறிய பிறகு ஐந்து வருடம் வீட்டு ஆடுகளோடு அலைந்தவன். இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் இயந்திரங்களில் எனக்குப் பக்கத்து லேத்தில் நின்றவனோ, தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையின் முதலாளி வீட்டுப் பிள்ளை. இவனுக்கு இங்கே என்ன வேலை என்று முதல் நாளே தோன்றியது.

"எங்க மிசின் நின்னு போச்சுன்னா வெளியூர்லருந்து ஆள் வரணும். அதான் நானே படிக்க வந்தேன்" என்றான். நான் நம்பவில்லை.

இரண்டாம் மாதம் இரும்புக் கம்பியை இருபது மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கடையச் சொன்னார் சார். சாயங்காலம், கம்பியை வாயில் கவ்வி அளவு காட்டும் மைக்ரோமீட்டரில் அளந்தேன். மிகச் சரியாக இருபது. மேசையில் வைத்துவிட்டு என் ஊருக்குப் போகும் நாகலாபுரம் பஸ்ஸைப் பிடித்தேன். காலையில் சார் தன் மைக்ரோமீட்டரால் அளந்து, "குறைஞ்சு போச்சே" என்று அதை ஒதுக்கிப் போட்டார். அடுத்த வாரமும் அப்படியே. பக்கத்து லேத்துக்காரனுடையது மட்டும் இரண்டு முறையும் சரி.

என் கம்பியை அவன் மாற்றி வைக்கிறான் என்று முடிவு செய்தேன். உள்ளூர்க்காரன், நான் பஸ் ஏறிய பிறகும் பட்டறையில் இருப்பான், வருவதற்கு முன்பும் இருப்பான். மூன்றாம் முறை கம்பியின் முனையில் ஊசியால் ரகசியமாக ஒரு கீறல் போட்டேன். காலையில் கீறல் அப்படியே இருந்தது. அளவு மட்டும் குறைந்திருந்தது. அப்போதும் என் புத்தி திரும்பவில்லை. என் கம்பியையே லேத்தில் மாட்டி ஒரு சுற்று சீவியிருக்கிறான் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும் சாரிடம் சொல்லியும் விட்டேன்.

அவன் முகம் கறுத்தது. "நானா? ஒன் கம்பியத் தொட்டு எனக்கு என்னலே ஆகணும்?"

சார் அவனைக் கேட்கவில்லை. என்னிடம், "நீ அளந்த மைக்ரோமீட்டரை எடுத்துட்டு வா" என்றார். எங்களுக்கு இருந்தவை இரண்டு. தாமதமாக வருகிற எனக்கு எப்போதும் மிஞ்சுவது அதே ஒன்றுதான். சார் அதன் வாயை வெறுமனே மூடிக் காட்டினார். பூஜ்யத்தில் நிற்க வேண்டிய கோடு கொஞ்சம் தள்ளி நின்றது. இல்லாத இரும்பை இருப்பதாகக் காட்டியிருக்கிறது. அதை நம்பி நானே கூடுதலாகக் கடைந்திருக்கிறேன்.

"அளக்கதுக்கு முன்னால மூடிப் பாக்கணும்னு முத நாளே சொன்னேனா இல்லையா?"

சொல்லியிருந்தார். அன்று நான் பக்கத்து லேத்துக்காரனின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவனிடம் போய், "தப்பா நெனச்சிட்டேன்" என்றேன். அன்று சாயங்காலம் கிளம்பும்போது அவன் தன் பையை என் முன்னால் கவிழ்த்தான். சாப்பாட்டுத் தூக்கு, நோட்டு, ஒரு பொட்டலம் கடலை மிட்டாய். "நல்லா பாத்துக்கோ. நாளைக்கு ஒண்ணு காணலன்னு சொல்லிரக் கூடாதுல்லா." ஒரு வாரம் தினமும் அப்படிச் செய்தான்.

கடைசிப் பரீட்சையில் எங்கள் இருவரையும் ஒரே லேத்தில் போட்டார்கள். நான் ஒவ்வொரு அளவாகச் சொல்லச் சொல்ல, அவன் மைக்ரோமீட்டரை வாங்கித் தானும் ஒருமுறை அளந்த பிறகே எழுதினான். எனக்குக் கோபம் வரவில்லை. இருவரும் தேறினோம்.