போயிட்டு வரேன்

எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இங்கே எழுத உட்கார்ந்தது அவளுடைய தாய்மாமனைப் பற்றி. என் மகன்.

அவனுக்கு டவுன் சிண்ட்ரோம். நாங்கள் பிழைக்க வந்த ஊரில் பிறந்தான். டாக்டர் ஏதோ படம் வரைந்து காட்டினார். பாஷை புரியாமல் நானும் மனைவியும் தலையாட்டினோம். கைமாற்றித் தூக்க அத்தை, சித்தி யாரும் இல்லை. மனைவிக்குப் பகல் வேலை, எனக்கு ராத்திரி வேலை. அப்படியே வளர்த்தோம். இப்போது என்னோடு ஹோட்டல் சலவைக்கூடத்தில் துண்டு மடிக்கிறான். முனைக்கு முனை சேராவிட்டால் நான் மடித்ததையும் உதறிப் போட்டுவிடுவான். அங்கே அவன் பேர் 'சூப்பர்வைசர்'.

போன வருஷம் மனைவி நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். வாசலில் அவன் கன்னத்தைத் தடவி, "போயிட்டு வரேன் கண்ணு" என்றாள். நாம் எல்லோரும் சொல்வதுதான். அவள் வரவில்லை.

அடக்கத்துக்கு அவனும் வந்தான். ஆனாலும் அந்தச் சொல்லை விடவில்லை. "அம்மா வரேன்னு சொன்னாங்க" என்று சாயங்காலமானால் ஜன்னலோரம் நிற்பான். வேறு யாராவது அப்படிச் சொல்லிக் கிளம்பினால் சட்டையைப் பிடித்துக்கொள்வான். அதனால் சொல்லாமலே நழுவப் பழகிக்கொண்டோம், சொந்த வீட்டில் திருடன் மாதிரி.

மகளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று நழுவ முடியவில்லை. மருமகன் காரைக் கிளப்பிவிட்டார். இவனோ தங்கையின் கையை விடவில்லை.

"ஆஸ்பத்திரி வேணாம்."

"விடுண்ணா, பாப்பாவைக் கூட்டிட்டு வர வேணாமா? நீ மாமாவாகப் போற. மாமான்னா சும்மாவா?"

"சம்பளம் உண்டா?"

அந்த வலியிலும் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"நீ வரமாட்ட."

"போயிட்டு வரேன்ணா. நிஜமா."

ஒவ்வொரு விரலாகப் பிரித்து அவள் கையை விட்டான்.

வந்தாள். பேத்தியோடு வந்தாள்.

"வாடா மாமா, வந்து பாரு!" என்று கத்தினேன். பிள்ளையைச் சுற்றியிருந்த துணியின் முனையை மெல்ல இழுத்துச் சரிசெய்தான். "வந்துட்ட" என்றான் தங்கையிடம். பிறகு எங்களைத் தாண்டிப் போய், காரின் பின்கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தான்.

"அம்மா எங்க? பின்னாடி வராங்களா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் பேத்தியைப் பார்த்தேன். பிள்ளைக்குக் குளிருமே என்று வீட்டுக் கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதப்பா" என்றான்.