வெள்ளிக்கிழமை விதி

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில் திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகம் வரும். ஒரு மடம் நடத்தியது. வெகுநாள் கல்லூரியாக இருந்து, தொண்ணூறுகளின் கடைசியில் பல்கலைக்கழகமாகப் பதவி உயர்வு பெற்றது. கட்டடம் அதேதான், பெயர்ப்பலகை மட்டும் நீண்டுவிட்டது. நான் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர். கம்ப்யூட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்று நம்பிய ஒரே ஆள் நான்தான் என்பதால் தட்டச்சு வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

வேலையில் சேரும்போதே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 'நான் புலால் உண்ணாதவன், வளாகத்துக்கு வெளியிலும் அவ்வாறே' என்று இருந்தது. யோசிக்காமல் போட்டேன். அதன்பிறகு பதினாறு வருடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திருடனைப் போல மீன் வாங்கினேன். செங்கல்பட்டு மார்க்கெட்டில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் போய் வாங்குவேன். வேலை பார்க்கிற இடத்துக்கு இன்னும் கிட்டே போய் வாங்குகிறோமே என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. அந்த அளவுக்குத்தான் நம் மூளை.

பல்கலைக்கழகம் ஆவதற்கு முன் தில்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது என்றார்கள். வருகிறவர்கள் முதலில் கேட்பது விதிகள் புத்தகமாம். எங்களிடம் விதிகள் நிறைய இருந்தன, புத்தகம்தான் இல்லை. பதிவாளர், அரசு வேலையில் ஓய்வுபெற்று வந்தவர், என்னைக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தை நீட்டினார். அவர் மகன் படித்த கத்தோலிக்கக் கல்லூரியின் விதிகள் புத்தகம்.

"இதைப் பார்த்து நம்ம மாதிரி மாத்திடும். பத்து நாள்தான் இருக்கு" என்றார்.

மாற்றினேன். கம்ப்யூட்டரில் ஒரு சொல்லை ஒரே தட்டில் புத்தகம் முழுக்க மாற்றலாம் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். சிற்றாலயம் சந்நிதி ஆயிற்று. பைபிள் வகுப்பு கீதை வகுப்பு ஆயிற்று. அருட்தந்தையர் எல்லாரும் ஒரு நொடியில் சுவாமிகள் ஆனார்கள். இவ்வளவு பெரிய மதமாற்றத்தைத் தனி ஆளாகச் செய்தவன் இந்த மாவட்டத்தில் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். பதிவாளர் தன் பங்குக்கு ஒரு விதியைச் சேர்த்தார்: 'வளாகத்துக்குள் புலால் உணவோ அதன் வாடையோ நுழையலாகாது.' விடுதி பற்றிய கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது என் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அதைப் படிக்காமலே சேர்த்துவிட்டுக் கிளம்பினேன்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகமும் அச்சுக்குப் போகுமுன் தட்டில் வைக்கப்பட்டு, பூவும் அட்சதையுமாகச் சுவாமிகள் முன்னால் போகும். அவர் தொட்டு ஆசீர்வதித்து ஒரு ஸ்ரீமுகம் தருவார். மடாதிபதியின் திருவாக்கு அடங்கிய கடிதத்துக்கு அந்தப் பெயர். எங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்த ஸ்ரீமுகம், 'இதில் உள்ள ஒவ்வொரு விதியும் நம் திருவுள்ளப்படியே அமைந்தது' என்று அச்சாயிற்று. ஆசீர்வாதத்துக்கு முன்னால் படிக்க யாருக்கும் நேரமில்லை. ஆசீர்வாதத்துக்குப் பின்னால் பிழை தேடிப் படிக்க யாருக்கும் துணிவில்லை. தில்லிக்காரர்கள் வந்து புத்தகத்தைக் கையில் வாங்கி, கனம் பார்த்து, திருப்தியாகப் போனார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாணவியின் விவகாரம் வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். கணக்கு மூன்றாம் வருடம். அந்தக் குப்பத்திலிருந்து எங்கள் வாசல் ஏறிய முதல் ஆள். அம்மா மீன் விற்பவள். விடியற்காலையில் படகு வந்ததும் மணலில் ஏலம் நடக்கும். இவள் அம்மாவோடு நின்று மீனைக் கழுவிப் பிரித்துக் கூடையில் அடுக்கிவிட்டு, குளித்து, ஷேர் ஆட்டோ பிடித்து வருவாள். மற்ற நாட்களில் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை நம் ஊரில் பாதிப் பேர் மீன் தொடமாட்டார்கள் அல்லவா, அதனால் அன்றைக்கு ஏலத்தில் மீன் மலிவாகப் போகும். அம்மா கூடுதலாக எடுத்துக் கருவாடு போடுவாள். பெண் உட்கார்ந்து வயிற்றைக் கீறி உப்பு அடைத்துவிட்டு வருவாள். அந்த வாடை ஒரு சோப்புக்கு அடங்குகிற வாடை இல்லை.

எங்கள் வாசலில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற காவலர் ஒருவர் இருந்தார். போரில் எதிரியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்புக் கிடைக்காத ஏக்கத்தை எல்லாம் மூக்கில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பூஜை நாள் என்பதால் அன்று மூக்கு இரண்டு மடங்கு வேலை செய்யும். பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பதிவேட்டில் தேதி போட்டு, காரணம் என்ற கட்டத்தில் 'வாடை, லேசு' என்றோ 'வாடை, கடுமை' என்றோ எழுதுவார். ஒருமுறை 'வாடை, சந்தேகம்' என்றும் எழுதியிருந்தார்.

கடைசி செமஸ்டரில் அவளுக்கு வருகை ஐந்து நாள் குறைந்துவிட்டது. ஹால் டிக்கெட் கிடையாது, அந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டும் என்று துறையிலிருந்து எழுதி அனுப்பினார்கள். அவள் ஒரு மனு கொடுத்தாள். பதிவாளர் என்னிடம், சம்பந்தப்பட்ட விதிகளை எடுத்துக் குறிப்பு தயார் செய்யச் சொன்னார்.

புத்தகத்தைத் திறந்தேன். வாடை விதியைப் பார்த்து எழுதிக்கொண்டேன். வேறு ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிக்கொண்டே போய், விடுதி அத்தியாயத்தை வாழ்க்கையில் முதல் முறையாகப் படித்தேன். அதில் பதினொன்றாம் விதி இப்படி இருந்தது: 'வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் இறைச்சி தவிர்க்கப்படும். மீன் உண்ணத் தடையில்லை.'

கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்த்து மீன் உண்பார்கள் என்பது எனக்கு யாரும் சொல்லாத செய்தி. ஸ்ரீமுகத்தோடு, சங்கு சக்கர முத்திரையோடு, எங்கள் மடத்துப் பல்கலைக்கழகம் இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமைகளில் மீனுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. அதுவும் விடுதிக்குள். புளியோதரை கிண்டும் எங்கள் சமையல்காரருக்கு இது தெரிந்தால் அந்த இடத்திலேயே கரண்டியைப் போட்டுவிட்டுக் கும்பகோணத்துக்கு ரயில் ஏறிவிடுவார்.

இதைக் குறிப்பில் எழுதினால் அந்தப் பெண் தப்பிப்பாள், நான் மாட்டிக்கொள்வேன். புத்தகத்தை மூடி வைத்தேன். இரண்டு நாள் அதை எடுக்கவில்லை. நான் கோழை என்று எனக்கு முன்பே தெரியும் என்றாலும், எவ்வளவு கோழை என்று அந்த இரண்டு நாளில்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் அந்தப் பெண் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். கூடையோடு உள்ளே விட மாட்டேன் என்று காவலர் சொல்ல, அந்தம்மா கூடையை அவர் காலடியிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டாள். வாடையைத் தடுக்க நிறுத்தப்பட்ட மனிதர், அடுத்த அரைமணி நேரம் லத்தியை வீசிக் காக்கா ஓட்டிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அந்தம்மா நேராக என் மேஜைக்கு வந்தாள். "நீதான் அந்த புக்கு அடிச்சவரா?"

"அடிச்சது நான்தாம்மா. விதி போட்டது பெரியவங்க" என்றேன்.

"இன்னா சார் கீது அதுல? மீனு வித்துதான் இதுக்கு ஃபீஸு கட்டிகினு வரேன். அந்த டப்ப வாங்கும்போது வாடை அடிக்கலியா உங்களுக்கு?"

"யம்மா, சும்மா இரு" என்றாள் பெண். அவளுக்குத் தலை நிமிரவில்லை.

"நீ கம்னு இரு. இன்னொரு வருசம்னா என்னால ஆவாது சார். அதுக்கப்புறம் கூடைய இவளே தூக்கட்டும். படிச்சிகினு இருந்தது போதும்னு வூட்டுக்காரரு சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி, "உன்ன நான் பாத்துகீறேனே. ஞாயித்துக்கெழம திருக்குன்றத்துல வருவியே. வஞ்சரம் வால் பக்கமா போடுன்னு கேப்பியே" என்றாள்.

என் உயிர் பாதி போய்விட்டது. பதிவாளரின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

அவள் அந்தக் கதவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "பயந்துக்காத. சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் மிரட்டியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், சமாளித்திருப்பேன். என் குடுமி அவள் கையில் இருந்தும் பிடித்து இழுக்காமல் போனாள். எனக்கு அவமானமாக இருந்தது. அன்று மதியமே குறிப்பில் பதினொன்றாம் விதியை முழுசாகத் தட்டச்சு செய்து வைத்தேன்.

மனுவைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் பதிவாளரும் மடத்தின் ஸ்ரீகாரியமும் இருந்தார்கள். மடத்து நிர்வாகத்தைப் பார்ப்பவருக்கு அந்தப் பெயர். இவர் முன்பு வக்கீலாக இருந்தவர். நான் நடவடிக்கைக் குறிப்பு எழுத ஓரமாக உட்கார்ந்தேன். பதிவாளர் படித்துக்கொண்டே வந்து பதினொன்றாம் விதியில் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஓய், இதை யார் எழுதினது?"

"நீங்க கொடுத்த புத்தகத்துல இருந்ததுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது. புத்தகம் கொடுத்தவர் அவர் என்பது நினைவுக்கு வந்து, முகம் மாறியது.

"அச்சுப் பிழைன்னு போட்டுடலாமே" என்றார் ஸ்ரீகாரியத்திடம்.

ஸ்ரீகாரியம் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "ஒவ்வொரு விதியும் திருவுள்ளப்படின்னு இருக்கு. பிழைன்னா, சுவாமிகள் பார்க்காம ஆசீர்வாதம் பண்ணிட்டார்னு ஆகும். நீர் போய்ச் சொல்றீரா?"

பதிவாளர் போவதாக இல்லை.

"தில்லியிலயும் ஒரு பிரதி இருக்கு" என்றார் ஸ்ரீகாரியம். பிறகு பழைய வக்கீல் புத்தி விழித்துக்கொண்டது. "உண்ணத் தடையில்லைன்னுதானே இருக்கு. நாம பரிமாறணும்னு எங்கேயும் இல்லையே. அதனால சமையல்கட்டுக்கு ஆபத்தில்லை."

பதிவாளர் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "விடுதிக்குள்ள உண்ணவே தடையில்லைன்னா, வாசல்ல வாடைக்கு எப்படிங்க தடை இருக்க முடியும்? வெள்ளிக்கிழமை மட்டும் சொல்றேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மேஜை பேசியதுபோல் பார்த்தார்கள். வேறு வழி இல்லை என்று புரிந்ததும் காவலரின் பதிவேட்டை வரவழைத்தார்கள். அதில் தேதிதான் இருந்தது, கிழமை இல்லை. ஸ்ரீகாரியம் பைக்குள்ளிருந்து மடத்துப் பஞ்சாங்கத்தை எடுத்தார். ராகு காலமும் திதியும் பார்க்கிற பஞ்சாங்கத்தில், கருவாட்டு வாடை எந்தெந்தத் தேதியில் சாஸ்திர சம்மதமாக அடித்தது என்று மூன்று பேரும் தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். அவளைத் திருப்பி அனுப்பிய ஒன்பது நாளில் ஏழு வெள்ளிக்கிழமை. ஏழும் வருகையாகக் கணக்கில் சேர்ந்தன. கடுமையும் லேசும் ஒன்றாகவே கருதப்பட்டன.

என் வேலை போகவில்லை. என்னைத் தூக்கினால் ஏன் என்று காகிதத்தில் எழுத வேண்டும், அதை எழுதப் பதிவாளருக்கு விருப்பமில்லை.

ஹால் டிக்கெட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பதினொன்றாம் விதி, பஞ்சாங்கம், பதிவாளரின் முகம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவள் சிரித்தாள். டிக்கெட்டில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு கேட்டாள்: "சார், ஜூன்ல எங்க குப்பத்துலேந்து இன்னும் ரெண்டு பொண்ணுங்க வந்து சேரப் போவுது. அதுங்கள செவ்வாக்கெழம திருப்பி அனுப்பிச்சா இன்னா சார் பண்றது?"

"நீ முதல்ல பரீட்சையை எழுதும்மா" என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பரீட்சை எழுதித் தேறினாள்.

ஜூனில் அந்த இரண்டு பெண்களும் சேர்ந்தார்கள். அதற்குள் விதிகள் புத்தகம் புதுப் பதிப்பாக, புது ஸ்ரீமுகத்தோடு வந்துவிட்டது. பதினொன்றாம் விதியை எடுத்துவிட்டார்கள், வாடை விதியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இந்த முறை எல்லா அத்தியாயத்தையும் வரி விடாமல் படித்து, பிழையே இல்லாமல் தட்டச்சு செய்து கொடுத்தேன். அந்தப் பெண்களில் ஒருத்தி பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வரவில்லை.